மேல் ஸ்பேசர் ஆடுகிறது. ஸ்க்ரூவை முறுக்கினால் போதுமா?

20 வருடத்துக்கு மேல் ஓடிய 16 எம்.வி.ஏ., 110/11 கே.வி. டிரான்ஸ்ஃபார்மர். ஓவர்ஹாலுக்காகக் கோரையும் (இரும்பு உள்ளகம்) அதன்மேல் இருக்கும் காயிலையும் டேங்கிலிருந்து தூக்கியிருக்கிறார்கள். வைண்டிங்கின் (காயிலின்) மேல்பக்க ஸ்பேசர்களில், அதாவது அடுக்குகளுக்கு நடுவில் வைக்கும் அட்டைத் துண்டுகளில் சில, விரலால் தள்ளினாலே நகர்கின்றன. "மேலே இருக்கும் ஸ்க்ரூக்களை நன்றாக இறுக்கி மூடிவிடலாம்" என்கிறார் ஒப்பந்தக்காரர். எத்தனை நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) வைக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். கேட்டது ஓர் எண்தான். ஆனால் அதற்குள் இருப்பது வேறு கேள்வி. இந்தத் தளர்வு எங்கிருந்து வந்தது, இறுக்கினால் அது நீங்கிவிடுமா? சுருக்கமான பதில் இதுதான்: ஸ்க்ரூ கடைசி வேலை. காயிலின் உயரம், உலர்வு, ஸ்பேசர் வரிசை ஆகிய மூன்றும் சரியாக இல்லாமல் ஸ்க்ரூவை மட்டும் முறுக்கினால் விசை போக வேண்டிய இடத்துக்குப் போகாது. தயாரிப்பாளரின் டிராயிங்கைப் பார்க்காமல் உங்கள் இயந்திரத்துக்கான எண்ணை யாரும் பொறுப்போடு சொல்லிவிட முடியாது. அந்த எண் எப்படி வருகிறது, எதை அளந்தால் நம்பலாம் என்பதைச் சொல்கிறேன்.

முதலில், இந்த இறுக்கம் எதற்கு என்பது. முழு லோடில் ஓடும்போதுகூட வைண்டிங்கின் மேல் விழும் மின்காந்த விசை அற்பம். காயில் தன் எடையிலேயே உட்கார்ந்திருக்கும். நிலைமை மாறுவது 11 கே.வி. பஸ்ஸிலோ ஃபீடரின் முதல் சில கம்பங்களிலோ ஷார்ட் விழும்போது. உங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் 11 கே.வி. பக்க முழு கரண்ட் 840 ஆம்பியர். இம்பீடன்ஸ் (கரண்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் காட்டும் மொத்தத் தடை) 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஃபால்ட் கரண்ட் 8,400 ஆம்பியர். முதல் அரைச் சுற்றில் டி.சி. கூறும் சேர்ந்து வருவதால் உச்ச மதிப்பு அதைப்போல 2.55 மடங்கு வரை, அதாவது 21,400 ஆம்பியர் வரை ஏறலாம். சாதாரண ஓட்டத்தின் உச்சம் 1,190 ஆம்பியர்தான். கரண்ட் 18 மடங்கு. விசை கரண்டின் வர்க்கத்தில் போவதால் ஏறக்குறைய 325 மடங்கு. அதுவும் 10 மில்லிசெகண்டுக்குள். ரிலே விழித்துப் பிரேக்கரைத் திறப்பதற்கு முன்பே மிகப் பெரிய அடி விழுந்து முடிந்திருக்கும். "பிரேக்கர்தான் டிரிப் ஆகிவிட்டதே" என்று ஆறுதல் கொள்வதில் பொருளில்லை; பிரேக்கர் காப்பாற்றுவது சூட்டிலிருந்து, முதல் அடியிலிருந்து அல்ல.

விசை எவ்வளவு என்பதற்கு ஒரு கைக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். 11 கே.வி. பக்கம் பார்த்தால் உங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் ரியாக்டன்ஸ் (இம்பீடன்ஸில் காந்தப்புலத்தால் வரும் பங்கு) ஏறத்தாழ 0.756 ஓம், 50 ஹெர்ட்ஸில் அது 2.4 மில்லிஹென்றி. 21,400 ஆம்பியரில் இரண்டு வைண்டிங்குக்கும் இடையே உள்ள கசிவுக் காந்தப்புலத்தில் அடைபடும் ஆற்றல் ஒரு லிம்புக்கு (காயில் சூழ்ந்திருக்கும் கோரின் ஒரு தூணுக்கு) ஏறக்குறைய 5.5 லட்சம் ஜூல். வைண்டிங் உயரம் 1.1 மீட்டர் என்று கொண்டால், ஆற்றலை உயரத்தால் வகுத்து வருவது செங்குத்தான அமுக்கு விசை: சுமார் 5 லட்சம் நியூட்டன், 50 டன். இது இரண்டு வைண்டிங்குக்கும் சேர்த்து; இதில் பெரும்பங்கு கோரை ஒட்டியிருக்கும் எல்.வி. (11 கே.வி.) காயிலுக்குப் போகும். அதே ஆற்றலை வைண்டிங்குகளுக்கு இடையிலான பயனுறு இடைவெளியால், அதாவது 10 சென்டிமீட்டர் அளவால் வகுத்தால் பக்கவாட்டு விசை: 550 டன். வெளிக் காயிலை ஊதி வெடிக்கப் பார்ப்பதும், உள் காயிலைக் கோரின் மேல் நொறுக்கப் பார்ப்பதும் இதுதான். உயரமும் இடைவெளியும் நான் எடுத்துக்கொண்டவை, உங்களுடையதில் மாறும். ஆனால் தோராய அளவு இதுவே. பக்கவாட்டு விசை, செங்குத்து விசையைப்போல பத்து மடங்கு என்பதைக் கவனியுங்கள். மேலிருந்து ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் அந்தப் பெரிய விசையை அது நேரடியாகத் தாங்கப் போவதில்லை.

அந்த 50 டன், இரண்டு காயிலும் ஒரே உயரத்தில், ஆம்பியர்-சுற்றுகள் மேலும் கீழும் சமமாகப் பரவியிருக்கும்போது வருவது. அப்போது ஒவ்வொரு காயிலும் தன் நடுவை நோக்கி அமுங்குமே தவிர வெளியே தள்ளாது. டேப் சேஞ்சரில் (சுற்றுகளின் எண்ணிக்கையை மாற்றி வோல்டேஜைச் சரிசெய்யும் பகுதி) சுற்றுகள் வெட்டுப்படும்போதும், ஒரு காயில் மற்றதைவிடச் சில மில்லிமீட்டர் மேலே உட்கார்ந்திருக்கும்போதும் சமநிலை கெடும். கெட்டால் ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் தள்ளப்படும். ஏற்கெனவே இருக்கும் நகர்வை விசை இன்னும் அதிகமாக்கும். இப்படி வரும் தள்ளுவிசைதான் காயிலின் மேல் உட்காரும் கிளாம்பிங் ரிங்கையும், யோக்குக்கு (லிம்புகளை மேலும் கீழும் இணைக்கும் கோரின் குறுக்குப் பகுதி) இருபுறமும் இருக்கும் எண்ட் ஃபிரேமையும் போய் அடிக்கிறது. ஆகவே காயில்களின் நடு உயரம் ஒத்திருப்பது, எத்தனை டன் இறுக்கினோம் என்பதைவிட முக்கியம்.

முன்கூட்டியே கொடுக்கும் அழுத்தம் செய்யும் வேலை, தாமிரத்துக்கும் ஸ்பேசருக்கும் நடுவில் எந்த நொடியிலும் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வது. இடைவெளி இருந்தால் விசை அமுக்குவதோடு நிற்காது. சுத்தியல் மாதிரி அடிக்கும். ஃபால்ட் நேரத்தில் விசை முதலில் 50 ஹெர்ட்ஸும் 100 ஹெர்ட்ஸும் கலந்து, பிறகு 100 ஹெர்ட்ஸில் துடிக்கிறது. ஸ்பேசர் செய்யப் பயன்படும் பிரஸ்போர்டு (அழுத்திய செல்லுலோஸ் அட்டை) அமுங்க அமுங்க விறைப்பு கூடும் பொருள். நன்றாக அமுக்கிய காயிலின் இயல்பதிர்வெண் உயர்ந்து நிற்கும், தளர்ந்ததில் அது கீழிறங்கித் துடிப்பின் பக்கம் நெருங்கும். அதனால்தான் தளர்ந்த காயிலில் அதே ஃபால்ட் பெரிய அசைவைத் தருகிறது. அப்போது ஸ்பேசர் வரிசையிலிருந்து நழுவும். கண்டக்டரின் பேப்பர் விளிம்பில் தேயும். கண்டக்டர்கள் சீட்டுக்கட்டு சாய்வதுபோல ஒரே பக்கம் சாயும். ஸ்பைரல் காயிலாக இருந்தால் சுற்றுகள் திருகிக்கொண்டு முனையில் லீடை (காயிலிலிருந்து வெளியேறும் கம்பியை) இழுக்கும். டர்ன்களுக்கு இடையே ஷார்ட் வரும்போது பொதுவாக "இன்சுலேஷன் ஃபெயில்" என்று அறிக்கை எழுதி முடித்துவிடுவார்கள். பேப்பர் கிழிந்தது எதனால் என்ற வரி அந்த அறிக்கையில் இருக்காது.

உள்காயில் நொறுங்குவதைத் தடுப்பது வேறு சங்கதி. கோரின் படிகளுக்கும் உள் சிலிண்டருக்கும் இடையே அடிக்கும் மரத் தண்டுகள், சிலிண்டர், அதன்மேல் ஒட்டிய செங்குத்துப் பட்டைகள், கண்டக்டரின் சொந்த உறுதி ஆகியவை சேர்ந்துதான் அதைத் தாங்குகின்றன. இளக்கிய மென்தாமிரத்துக்கும், கடினமாக்கிய தாமிரத்துக்கும் உறுதியில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் வரும். எபாக்ஸியில் ஒட்டிய சி.டி.சி. (பல மெல்லிய கம்பிகளை இடம் மாற்றி மாற்றிச் சேர்த்த) கண்டக்டர் இன்னும் நன்றாக நிற்கும். ரீவைண்டிங்குக்குக் கொடுக்கும்போது "அதே சைஸ் தாமிரம்" என்று மட்டும் எழுதிக் கொடுப்பது இதனால்தான் ஆபத்து. புரூஃப் ஸ்ட்ரெஸ் (நிரந்தரமாக வளையாமல் தாமிரம் தாங்கும் அழுத்தம்) மதிப்பையும் எழுத வேண்டும். உங்கள் இப்போதைய பிரச்சினைக்கு இது நேர்ப் பதில் அல்ல. ஆனால் மேல் ஸ்பேசரை இறுக்கிவிட்டு "ஷார்ட் சர்க்யூட்டுக்கு இனிப் பயமில்லை" என்று யாராவது சொன்னால், பாதி உண்மைகூட இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது எந்த ஸ்க்ரூ என்ற விஷயம். தளத்தில் அடிக்கடி குழம்புவது இங்கேதான். யோக் தகடுகளை இருபுறமும் எண்ட் ஃபிரேமோடு சேர்த்துப் பிடிக்கும் போல்ட்டுகள் கோரைப் பிடிப்பவை. அவற்றை இறுக்கினால் காயிலுக்கு ஒன்றும் ஆகாது. காயிலை அமுக்குவது, மேல் எண்ட் ஃபிரேமிலிருந்து கீழ்நோக்கி இறங்கிக் கிளாம்பிங் ரிங்கின் மேல் ஒரு குழிக் கிண்ணத்தில் உட்காரும் ஜாக்கிங் ஸ்க்ரூ. அது ரிங்கைக் கீழே தள்ளும்போது அதே விசை ஃபிரேமை மேலே தள்ளும்; அந்த இழுவையை லிம்பை ஒட்டிச் செல்லும் டை பிளேட்டுகளோ மூலைகளில் இருக்கும் டை ராடுகளோ கீழ் ஃபிரேமுக்குக் கொண்டுபோகும். இந்த வளையத்தில் எங்கே ஒரு வெல்டிங் விரிந்திருந்தாலும், ஒரு நட் இளகியிருந்தாலும் ஸ்க்ரூ முறுக்கிய விசை காயிலில் தங்காது. சில வடிவமைப்புகளில் ஸ்க்ரூவே கிடையாது. ஹைட்ராலிக் ஜாக் வைத்து அமுக்கி, ஃபிரேமுக்கும் ரிங்குக்கும் நடுவில் பெர்மாவுட் (ரெசின் ஏற்றி அழுத்திய அடுக்குமரம்) ஆப்புகளை அடித்து நிறுத்துவார்கள். பழைய பெரிய இயந்திரங்கள் சிலவற்றில் ஸ்பிரிங்கோடு கூடிய எண்ணெய் டாம்பர்கள் (அதிர்வை அடக்குபவை) இருக்கும். அவற்றைச் சாதாரண ஸ்க்ரூ என்று நினைத்து அடிவரை முறுக்கிவிட்டால் ஸ்பிரிங்கின் பயன் போய்விடும்.

ரிங் இரும்பில் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. இரும்பு ரிங்கில் ஓரிடத்தில் வெட்டு இருக்கும்; அது உடைசல் இல்லை, வேண்டுமென்றே விட்டது. முழு வளையமாக இருந்தால் லிம்பைச் சுற்றி ஒரு ஷார்ட்டான டர்ன் ஆகிவிடும். ரிங் ஒரே ஒரு இடத்தில் எர்த் ஆகியிருக்க வேண்டும்; ஸ்க்ரூ கிண்ணங்கள் ரிங்கிலிருந்து இன்சுலேட் ஆகியிருக்க வேண்டும். வெட்டை வெல்டிங் வைத்து "சரிசெய்வது", கிண்ணத்தின் இன்சுலேஷன் துண்டைத் தேவையில்லை என்று எடுத்துப் போடுவது ஆகிய இரண்டும் இறுக்கும் வேலையைவிடப் பெரிய சேதத்தைச் செய்யும்.

தளர்வு எப்படி வந்தது? முக்கியக் காரணம் பிரஸ்போர்டும் பேப்பரும் சுருங்குவது. பிரஸ்போர்டு சாதாரணக் காற்றில் 6 முதல் 8 சதவீதம் ஈரம் வைத்திருக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகும்போது அது 0.5 சதவீதத்துக்குக் கீழே வந்திருக்க வேண்டும். அப்படி உலரும்போது தடிப்பு குறையும். 60 அடுக்கு ஸ்பேசர் இருக்கும் காயிலில் ஒவ்வொன்றும் 0.1 மில்லிமீட்டர் குறைந்தாலே மொத்தம் 6 மில்லிமீட்டர். தயாரிப்பின்போதே காயிலை உலர்த்தி, அழுத்தத்தில் வைத்து, மறுபடி உலர்த்தி உயரத்தை நிலைப்படுத்தியிருந்தால் இந்தச் சுருக்கம் முன்கூட்டியே எடுக்கப்பட்டிருக்கும். அவசரத்தில் அதைக் குறைத்திருந்தால் மிச்சச் சுருக்கம் சர்வீஸில் வெளிப்படும். அதற்கு மேல் வருடக்கணக்கில் சூட்டிலும் அழுத்தத்திலும் இருக்கும் செல்லுலோஸ் மெல்ல அமுங்கும். வயதாகும்போது இழையும் சுருங்கும். உள்ளூர் ரிப்பேரில் பெர்மாவுட்டுக்குப் பதில் சரியாக உலராத மரக்கட்டை வைத்திருந்தால் முதலில் சுருங்குவது அதுதான். இன்னொன்றும் உண்டு: ஈரமாக இருந்த டிரான்ஸ்ஃபார்மரை எண்ணெய் ஃபில்டர் செய்து நன்றாக உலர்த்திய பிறகு தளர்வு கூடும். ஈரத்தில் உப்பி இறுக்கமாக இருந்தது, உலர்ந்ததும் விட்டுக் கொடுக்கிறது. உலர்த்தியது தவறு என்று பொருளல்ல. உலர்த்தினால் இறுக்கத்தையும் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள்.

மேலே தெரியும் தளர்வு மேல்வரிசையில் மட்டும் உள்ளது அல்ல என்பதும் இதிலிருந்து புரியும். காயிலின் எடை கீழ் அடுக்குகளை அமுக்கி வைத்திருப்பதால் அவை இறுக்கமாகத் தெரியும். முழு உயரத்தின் குறைபாடும் உச்சியில் வந்து சேர்ந்து விரலுக்கு அகப்படுகிறது. அதனால் இறுக்குவதற்கு முன் தளர்வின் வடிவத்தை ஒரு தாளில் குறியுங்கள். ஒவ்வொரு லிம்பிலும் ஸ்பேசர் நெடுவரிசைகளுக்கு எண் கொடுத்து, எங்கே ஆடுகிறது, எங்கே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறது என்று எழுதுங்கள். மூன்று லிம்பிலும் எல்லா வரிசையும் கொஞ்சம் கொஞ்சம் தளர்ந்திருந்தால் அது சுருக்கம், இறுக்கி மீட்கலாம். ஒரு பக்கம் மட்டும் என்றால் ரிங் வளைந்திருக்கலாம், அல்லது முன்பு யாரோ சமமில்லாமல் முறுக்கியிருக்கலாம். ஒரே ஒரு லிம்பில், ஸ்பேசர்கள் வரிசையைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டோ, டிஸ்க்குகள் (தட்டு போலச் சுற்றிய காயில் அடுக்குகள்) அலை அலையாகவோ, டேங்க் அடியில் ஸ்பேசர் துண்டு கிடந்தோ இருந்தால், அது ஃபால்ட் செய்த வேலை. அந்தக் காயிலை அமுக்காதீர்கள். சாய்ந்த கண்டக்டரை மேலிருந்து அமுக்கினால் அது நிமிராது, இன்னும் சாயும்.

ஃபால்ட் அடித்திருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதோடு நிற்காமல் இம்பீடன்ஸும் அளக்க வேண்டும். 11 கே.வி. பக்கத்தை மூன்று ஃபேஸும் ஷார்ட் செய்து, 110 கே.வி. பக்கத்தில் 415 வோல்ட் மூன்று ஃபேஸ் கொடுத்தால் போதும். ஒரு ஃபேஸுக்கு ஏறக்குறைய 76 ஓம் என்பதால் 3.2 ஆம்பியர்தான் ஓடும், ஷார்ட் செய்த பக்கத்தில் 32 ஆம்பியர். ஷார்ட் கம்பி தடிமனாகவும் இணைப்பு சுத்தமாகவும் இருக்கட்டும். எந்த டேப்பில் தொழிற்சாலை அளந்ததோ அதே டேப்பில் அளந்து ஒப்பிடுங்கள். ஐ.இ.சி. 60076-5 என்ற சர்வதேசத் தரவிதி உங்கள் அளவு டிரான்ஸ்ஃபார்மருக்கு ஷார்ட் சர்க்யூட் சோதனைக்குப் பின் ரியாக்டன்ஸ் மாற்றம் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது, வட்டக் காயில்களுக்கு. அது சோதனைக்கூடத்து எல்லை. தளத்தில் மீட்டர் பிழையும் சேரும். ஆனால் மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் மற்ற இரண்டிலிருந்து 2, 3 சதவீதம் விலகி நின்றால் அதை மீட்டர் பிழை என்று தள்ளாதீர்கள்.

எஸ்.எஃப்.ஆர்.ஏ. (பல அதிர்வெண்களில் காயிலின் மறுமொழியை வரைபடமாக்கும் சோதனை) எடுத்தால் தெரிந்துவிடுமா என்று அடுத்து கேட்பீர்கள். வடிவம் மாறிய காயிலை அது நன்றாகக் காட்டும், பழைய வரைபடம் கையில் இருந்தால் இன்னும் நன்றாக. வடிவம் மாறாமல் அழுத்தம் மட்டும் குறைந்த காயிலை அது காட்டும் என்று நம்பிவிட முடியாது. கொள்ளளவும் தூண்டலும் அநேகமாக அப்படியே இருக்கும்போது வளைவு ஏன் மாறப் போகிறது? டேங்க் சுவரில் அதிர்வை அளந்து தளர்வைக் கணிக்கும் முறைகள் உண்டு. லோடு, சூடு, கோர் அதிர்வு எல்லாம் கலந்து வருவதால் ஒரே ஒரு அளவை வைத்துத் தீர்ப்பு சொல்வது சரியல்ல. டி.ஜி.ஏ. (எண்ணெயில் கரைந்த வாயுக்களின் பகுப்பாய்வு) நன்றாக இருக்கிறது என்பதும் இறுக்கத்துக்குச் சான்று ஆகாது.

இறுக்கும் வேலைக்கு வருவோம். முதலில் உலர்வு. ஈரத்தோடு இறுக்கிவிட்டுப் பிறகு உலர்த்தினால் மறுபடி தளர்ந்துவிடும். சரியான வரிசை: லேசான ஆரம்ப அழுத்தம், உலர்த்தல், அதன் பிறகு கடைசி இறுக்கம், உடனே வாக்குவத்தில் எண்ணெய். தொழிற்சாலையில் இதை வேப்பர் ஃபேஸ் (கரைப்பான் ஆவியால் சூடாக்கி உலர்த்தும்) முறையில் செய்வார்கள். தளத்தில் சூடான எண்ணெயும் வாக்குவமும் மாறி மாறித்தான் வழி, அது மெதுவானது. உலர்ந்த காயிலை வெளியே வைத்திருக்கும் நேரத்தைத் தயாரிப்பாளரின் கையேடு காற்றின் ஈரப்பதத்தை வைத்துச் சொல்லியிருக்கும். கடற்கரை ஊர்களில் அந்த நேரம் மிகக் குறைவு. காயிலின் சூடு வெளிக்காற்றைவிட 10 டிகிரியாவது கூட இருந்தால் மேலே ஈரம் படியாது. மழை மேகம் இருக்கும் நாளில் தொடங்காதீர்கள்.

இரண்டாவது உயரம். எல்.வி.க்கும் எச்.வி.க்கும் (110 கே.வி. காயில்) சேர்த்து ஒரே ரிங் இருக்கும் அமைப்பில் இதுதான் தலையாய வேலை. ரிங் முதலில் தொடுவது உயரமான காயிலைத்தான். எல்.வி. 2 மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் எச்.வி. மொத்தச் சுமையையும் தாங்கும், எல்.வி. சும்மா நிற்கும், ஷார்ட்டின்போது பெரும்பங்கு அமுக்கு விசை எல்.வி.யில் என்பதை நினைத்துப் பாருங்கள். எனவே ரிங்கைத் தூக்கி, ஒவ்வொரு நெடுவரிசையின் உச்சியிலும் உயரம் அளந்து, குறையும் இடத்தில் முன்பே உலர்த்தி எண்ணெயில் ஊறவைத்த 1, 2, 3 மில்லிமீட்டர் பிரஸ்போர்டு துண்டுகளை வைத்துச் சமப்படுத்த வேண்டும். துண்டு ஸ்பேசரின் அதே அகலத்தில், நழுவாதபடி வரிசையின் பட்டையில் மாட்டிக்கொள்ளும் வெட்டோடு இருக்கட்டும். ஒப்பந்தக்காரர் ரிங்கைத் தூக்காமல் இறுக்கலாம் என்கிறாரா? இந்தப் படியைத்தான் அவர் தவிர்க்கிறார். அப்படியே மேலே ரிங் கட்டைகள், நடுவில் ஸ்பேசர்கள், அடியில் தாங்கு கட்டைகள் எல்லாம் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்கின்றனவா என்று தூக்குநூல் விட்டுப் பாருங்கள். கோடு விலகினால் அழுத்தம் தாமிரத்தை வளைக்கும் விசையாக மாறும்.

மூன்றாவதாகத்தான் எண். வடிவமைப்பாளர் கொடுப்பது பெரும்பாலும் ஸ்பேசர் பரப்பின் மேல் அழுத்தம். சதுர மில்லிமீட்டருக்கு 2 முதல் 5 நியூட்டன் வரை பொதுவாகப் புழங்கும் எல்லை. ஓர் உதாரணம்: 16 நெடுவரிசை, ஸ்பேசர் அகலம் 40, ஆழம் எல்.வி.யில் 60, எச்.வி.யில் 80 மில்லிமீட்டர். பரப்பு 38,400 மற்றும் 51,200 சதுர மில்லிமீட்டர். 3 நியூட்டன் என்றால் லிம்புக்கு மொத்தம் சுமார் 270 கிலோநியூட்டன், 27 டன். நான்கு ஜாக் வைத்தால் ஒவ்வொன்றும் 67 கிலோநியூட்டன். ஜாக்கின் பிஸ்டன் பரப்பு 2,000 சதுர மில்லிமீட்டர் என்றால் கேஜில் 340 பார். ஒரே பம்பிலிருந்து நான்குக்கும் ஹோஸ் பிரித்துக் கொடுத்தால் நான்கும் சமமாக அமுக்கும். 25, 50, 75, 100 சதவீதம் என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ரிங்கின் நான்கு மூலை உயரத்தையும் அளந்து, முழு அழுத்தத்தில் அரைமணி நேரமாவது நிறுத்தி வையுங்கள். பிரஸ்போர்டு உடனே அடங்காது. கேஜ் மெல்ல இறங்குவதே அதற்கு அடையாளம். இறக்கம் நின்ற பிறகு ஸ்க்ரூக்களைக் கிண்ணத்தில் இறுக்கமாக உட்காரவைத்து, லாக் நட் போட்டு, தகடு மடக்கிப் பூட்டி, அப்புறம் ஜாக்கை விடுங்கள். விட்டதும் கொஞ்சம் அழுத்தம் தளரும். அதற்காகச் சிறிது கூடுதலாக ஏற்றுவது வழக்கம், எவ்வளவு என்பது டிராயிங்கில் இருக்கும்.

டார்க் ரெஞ்சை ஏன் நம்பக்கூடாது என்றால், அது அளப்பது பெரும்பாலும் உராய்வை. எம்24 ஸ்க்ரூவில் 200 நியூட்டன் மீட்டர் வைத்தால் உலர்ந்த மரையில் கிடைப்பது ஏறத்தாழ 42 கிலோநியூட்டன். அதே மரை எண்ணெயில் நனைந்திருந்தால் 55. டிரான்ஸ்ஃபார்மருக்குள் சில மரை நனைந்தும் சில உலர்ந்தும் இருக்கும். ஒரே டார்க்கில் ஒரே ரிங்கின் மேல் மூலைக்கு மூலை வேறு விசை என்றால் ரிங் வளையும். ஜாக் இல்லவே இல்லை என்ற நிலையில் டார்க் ரெஞ்சுதான் வழி என்றால், எல்லா மரையையும் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் நனைத்துவிட்டு, எதிரெதிர் மூலையாகக் குறைந்தது நான்கு சுற்றில் ஏற்றுங்கள். ரிங் உயரம் சமமாக இறங்குகிறதா என்பதுதான் உங்கள் உண்மையான மீட்டர். நீளமான பைப் மாட்டி முறுக்குவது வேண்டாம்.

அதிகம் இறுக்கினால் நல்லதுதானே என்று நினைக்கவும் கூடாது. ஸ்பேசர் விளிம்பு பேப்பரை வெட்டும், ரிங்கின் அடுக்குகள் பிளக்கும், கிண்ணம் ரிங்குக்குள் இறங்கும். உங்கள் வழக்கில் எனக்கு உண்மையான தயக்கம் பேப்பரின் வயதில். புதிய பேப்பரின் பாலிமர் எண் (செல்லுலோஸ் சங்கிலியின் நீளம்) 1,000-ஐ ஒட்டி இருக்கும். 200 என்பது அதன் ஆயுள் முடிவாகக் கருதப்படுகிறது. நொறுங்கும் நிலையில் உள்ள பேப்பரின் மேல் முழு டிசைன் அழுத்தத்தை மறுபடி ஏற்றலாமா என்பதில் அனுபவமுள்ளவர்களே இரு பக்கமாகப் பேசுகிறார்கள். தளர்வாக விட்டால் அடுத்த ஃபால்ட்டில் போகும். இறுக்கினால் இறுக்கும்போதே விரிசல் விடலாம். மேல் லீடிலிருந்து ஒரு துண்டு பேப்பர் எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள், எண்ணெயில் ஃபியூரான் (பேப்பர் சிதையும்போது வரும் வேதிப்பொருள்) அளவும் பாருங்கள். பாலிமர் எண் 500-க்கு மேல் என்றால் தயங்காமல் முழு அழுத்தம் கொடுப்பேன். 300-ஐ நெருங்கினால் காயில் சமமாகத் தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும் அமுக்கி, ரீவைண்டிங்குக்கோ மாற்றுக்கோ திட்டம் போடச் சொல்வேன். இந்த இரண்டு எண்ணும் என் கணிப்பு. எந்த விதிப் புத்தகத்திலும் இப்படி எழுதியில்லை.

கோர் வெளியே இருக்கும்போதே லீடுகளையும் பாருங்கள். காயிலைப் பார்த்த கண் இதை விட்டுவிடும். 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஓடும் இரண்டு 11 கே.வி. பார்கள், 21,400 ஆம்பியரில் மீட்டருக்கு 600 நியூட்டன், அதாவது 60 கிலோவுக்கு மேல் ஒன்றையொன்று தள்ளும். இடைவெளி 5 சென்டிமீட்டர் என்றால் மூன்று மடங்கு. கிளீட் (லீடுகளைப் பிடித்து நிறுத்தும்) கட்டைகளின் போல்ட் இளகியிருக்கிறதா, பருத்தி நாடாக் கட்டு தளர்ந்திருக்கிறதா, டேப் லீடுகள் கட்டில்லாமல் நீண்டு தொங்குகின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். காயிலின் முதல் மற்றும் கடைசிச் சுற்று வெளியேறும் இடத்தில் கட்டு உறுதியாக இருக்க வேண்டும். சுற்றுகள் திருகப் பார்க்கும்போது அந்த முனைதான் பிடி. மேல் ரிங் 6 மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தால் மேல் லீடும் அவ்வளவு இழுபட்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூடிய பிறகு இம்பீடன்ஸும் எஸ்.எஃப்.ஆர்.ஏ.யும் மறுபடி எடுத்து, இனிமேல் ஒப்பிடுவதற்கான புதிய அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். கோர் எர்த், ரிங் எர்த் மெகர் (இன்சுலேஷன் தடை) மதிப்புகளும் அதே தாளில் இருக்கட்டும். பிறகு 11 கே.வி. ஃபீடர்களின் ரிலே பதிவுகளைத் திரும்பிப் பாருங்கள். ஃபீடரில் 2 கிலோமீட்டர் தள்ளி விழும் ஃபால்ட்டில் லைனின் ரியாக்டன்ஸும் சேர்ந்து கரண்ட் ஏறக்குறையப் பாதியாகும், விசை கால்பங்காகும். காயிலைத் தின்பது முதல் அரைக் கிலோமீட்டரில் விழுபவை. அந்தத் தூரத்தில் மரக்கிளை உரசும் இடம், பழைய பின் இன்சுலேட்டர், அணிலும் பறவையும் ஏறும் ஜம்பர் ஆகியவற்றை முதலில் சரிசெய்யச் சொல்லுங்கள். அந்த ஃபீடர்களில் ஆட்டோ ரீகுளோசிங் (டிரிப் ஆன பிரேக்கர் தானே மறுபடி மூடுவது) இருந்தால், அருகில் விழும் பெரிய கரண்ட் ஃபால்ட்டுக்கு அது மறுபடி மூடாதபடி ரிலேயில் தடுக்க முடியுமா என்று புரொடெக்‌ஷன் பிரிவில் கேளுங்கள். ஒரே ஃபால்ட்டுக்கு இரண்டு மூன்று முறை அடி வாங்க வேண்டியதில்லை.

ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: ரிங்கைத் தூக்கி அளந்த நெடுவரிசை உயரங்கள், வைத்த துண்டுகளின் தடிப்பு, ஜாக்கின் பிஸ்டன் பரப்பும் கேஜ் அழுத்தமும், அழுத்தம் நின்ற நேரம், காயில் வெளியே இருந்த மொத்த நேரமும் அன்றைய ஈரப்பதமும். டிராயிங் எண் கிடைத்தால், ஸ்பேசர் எண்ணிக்கையும் அளவும் சேர்த்து இங்கே போடுங்கள். உங்கள் காயிலுக்கான கேஜ் அழுத்தத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.